அகராதிக்குப் புது அட்டை

சென்னை, 9.8.79

அன்புள்ள நைனாவுக்கு, வேதகிரி வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மா நடவுக்குப் போகிறாளா?

இங்கிலீஷ் வகுப்பில் எந்தச் சொல் பெயர், எது வினை என்று அகராதி பார்த்து எழுதிவரச் சொன்னார்கள். பக்கத்துக் கட்டில் தேவராஜனிடம் இரவல் வாங்கினேன். காஞ்சிபுரம் பட்டுக்கடைக்காரர் மகன். அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலேயும் பெயரா வினையா என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. எல்லாம் சரியாக எழுதிவிட்டேன். திருப்பிக் கொடுத்தபோது, "மானாம்பதில உன் வூடு ஊர்ல கீதா, காலனில கீதா?" என்றான். காலனி என்றேன். மறுநாள் அகராதிக்குப் புது அட்டை போட்டிருந்தான். ஆனால் என் விடைகளை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டான். அவற்றுக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் நம் வீட்டு டம்ளர் ஒன்று கொடுத்தனுப்புங்கள். ஏன் என்று அம்மா கேட்டால், விடுதியில் டம்ளர் பற்றாக்குறை என்று சொல்லிவிடுங்கள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

வேதகிரி