ஐந்தாம் தாள்

கல்கத்தா,
10-2-1971

கிறிஸ்துவுக்குள் அன்பான சுந்தரம் போதகர் ஐயா அவர்களுக்கு,

உங்களுக்கும் அம்மாவுக்கும் என் தோத்திரம். சபைக் காரியங்களைப் பற்றிப் பெத்துராஜ் அண்ணாச்சிதான் உங்களுக்கு எழுதுவார். நடுவில் நான் எழுதுவதை மன்னிக்கவேண்டும். இந்த முறை தவறு செய்தவள் நான்.

ஆகஸ்டில் நீங்கள் கண் ஆபரேஷனுக்குப் பாளையங்கோட்டை போனபின், தபாலில் வரும் உங்கள் பிரசங்கத்தை வாராவாரம் அண்ணாச்சி வாசித்து வந்தார். போன சனிக்கிழமை அவருடைய மில்லில் தொழிலாளர்கள் கெராவ். மேனேஜரோடு சேர்த்து அவரையும் வெளியே விடாமல் உட்காரவைத்துவிட்டார்கள். ஞாயிறு மத்தியானம் அவர் மனைவி தாயம்மாள் அக்கா கோவில் வாசலில் உங்கள் உறையை என் கையில் திணித்தார்கள். "ஏட்டி, பி.ஏ. படிச்சவ நீ ஒருத்திதான, போய் வாசி."

கூட்டத்துக்கு முன் எனக்குத் தலை நிமிராது என்பது உங்களுக்குத் தெரியும். நிறுத்தினால் மறுபடி குரல் வராது என்று, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்துக்கொண்டே போனேன். பிரசங்கம் நாலாம் தாளில் முடிந்துவிட்டது. ஐந்தாம் தாள் அண்ணாச்சிக்கு மட்டும் எழுதியது. அதையும் வாசித்துவிட்டேன், ஐயா. கண் அக்டோபரிலேயே சரியாகிவிட்டது, திரும்பி வரத் தைரியம் இல்லை, கல்கத்தாத் தெருவில் வெடிக்கும் குண்டுச்சத்தத்துக்கு நடுங்குகிற நான் 'பயப்படாதிருங்கள்' என்று பிரசங்கிக்க வெட்கமாயிருக்கிறது, பேராயருக்கு ராஜினாமா எழுதப்போகிறேன் என்பது வரை. "சபைக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள்" என்ற வரி வந்தபோதுதான் நான் செய்துகொண்டிருப்பது எனக்கே புரிந்தது.

அங்கேயே நிறுத்தித் தாளை மடக்கினேன். பிறகு தாயம்மாள் அக்கா, "சரியாப்போன கண்ணுக்கா நாலு மாசமா முழங்கால் தேய ஜெபிச்சோம்?" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாருமே சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா, வீட்டுக்காரர் மில்லிலிருந்து திரும்பும்வரை தினமும் தனக்குச் சோறு இறங்குவதில்லை என்றார்கள். லேக் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் சௌந்தரராஜன் சித்தப்பா, குடும்பத்தோடு ஊருக்கு டிக்கெட் எடுத்து இரண்டு தடவை ரத்து செய்ததை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னார். இப்போதெல்லாம் ஆமென் சொன்னதும் எல்லாரும் வீட்டுக்கு ஓடுவார்கள். அன்று கோவிலைப் பூட்டுகிற வங்காளிச் சபையின் காவலாளி வந்து சாவியை ஆட்டிக்காட்டும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை அண்ணாச்சியை விட்டுவிட்டார்கள். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, "படிச்ச பிள்ளைக்குப் பிரசங்கம் எது, கடுதாசி எதுன்னு தெரியலியா?" என்று கத்தினார். நான் அழுதேன். பிறகு அவரே காபி வாங்கிக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். நவம்பரில் வட இந்தியத் திருச்சபைகளெல்லாம் ஒன்றானதிலிருந்து, முப்பத்திரண்டு குடும்பங்களுக்குத் தனியாகத் தமிழ் ஆராதனை எதற்கு, காலையில் நடக்கும் வங்காள ஆராதனையோடு சேர்ந்துவிடலாமே என்று பேராயர் அலுவலகத்தில் கேட்கிறார்களாம். போதகர் இருக்கிறார், வந்துவிடுவார் என்று சொல்லியே அண்ணாச்சி நாளைக் கடத்தியிருக்கிறார். இருபத்தொன்றாம் தேதி முடிவாகப் பதில் சொல்லவேண்டுமாம்.

எனக்கு வங்காள ஆராதனை புரியும். அக்காவுக்குப் புரியாது. அவர்கள் அங்கேயும் வருவார்கள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்வார்கள். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த ஐந்தாம் தாளை இதோடு வைத்திருக்கிறேன். எங்களில் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இவ்வளவு எழுதியும் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. ராஜினாமாவை இன்னும் தபாலில் போடாதிருந்தால், போடவேண்டாம், ஐயா. லெந்து உபவாச நாட்கள் தொடங்குமுன், அந்த இருபத்தொன்றாம் தேதிக்குள் வந்துவிடுங்கள். தைரியம் வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். இங்கே யாருக்கும் அது வரவில்லை. எந்த ரயில் என்று ஒரு கார்டு மட்டும் போடுங்கள். ஹவுராவில் நாங்கள் எல்லாரும் வந்து நிற்போம்.

உங்கள் சபையின் பிள்ளை,
ஞானசுந்தரி