தூரத்தில் இருப்பவர்கள்

ஞாயிறு, அக்டோபர் 12. பிளசன்டன்.

இன்று மகள் தாராவை மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். பழைய சீனச் சுருள் ஓவியம் ஒன்றில் எதற்குமே நிழல் இல்லை. கடைசி முற்றத்தில் நிற்பவரும் வாசலில் நிற்பவர் அளவுக்கே இருந்தார். பார்ப்பவர் ஓரிடத்தில் நிற்காமல் ஓவியத்துக்குள் நடந்து போக வேண்டுமாம். பக்கத்துக் குறிப்பில் எழுதியிருந்தது. எதையும் இப்படி அழகாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"பாத்தியாம்மா? ஐ வாஸ் ரைட். நீதான் தாத்தாவ இரேஸ் பண்ணின," என்று தாரா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறு வயதில் அவள் எங்கள் குடும்பத்தை வரைந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம், மதுரையில் இருந்த என் அப்பாவையும் எங்கள் உயரத்துக்கே போட்டிருந்தாள். "தூரத்துல இருக்கறவங்க சின்னதா இருக்கணும்டி" என்று அவரை அழித்துவிட்டு, நகக்கண் அளவில் நானே வரைந்தேன். பள்ளியில் எனக்குச் சொல்லித் தந்தது போலவே வலப்பக்கம் நிழலும் தேய்த்தேன். பிறகு அதை ஸ்கேன் செய்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

அப்பா அப்போது இருந்தார். போனில், "இதுல நான் எங்கம்மா இருக்கேன்?" என்று கேட்டார்.

"கண்ணாடி போட்டுட்டுப் பாருங்கப்பா."

"போட்டுட்டுத்தாம்மா பாக்கறேன்," என்றார்.