அது மூச்சுப் பயிற்சி இல்லை

அன்பு மகளுக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, உனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று எப்போதும் போல நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். மனசு சரியில்லையா என்று போனில் மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் வேலை இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை. கோபம். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து விளக்கம் சொல்வாய், நானும் பாதியில் விட்டுக்கொடுத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி.

வீட்டில் குளியலறைச் சுவர் கசிவு ஒருவழியாக நின்றது. மேல்மாடிக்காரர் தன் குழாய் இல்லவே இல்லை என்று ஒரு மாதம் சாதித்தார், பிளம்பர் வந்து அவர் குழாயைத்தான் மாற்றிவிட்டுப் போனார், இப்போது மாடிப்படியில் என்னைப் பார்த்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறார். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. உன் மாமா நீ பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டார். "என்னக்கா, கத்தரிக்கோலையெல்லாம் கும்பிடுறியாமே, உன் பொண்ணு மேடை போட்டுச் சொல்றா" என்று சிரித்தார், அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு, "குடு அவ நம்பர, நாலு கேள்வி நறுக்குன்னு கேக்குறேன், சாமி இல்லன்னு சொல்ற கும்பலோட சேர்ந்தா இப்படித்தான்" என்றார். நம்பர் கொடுக்கவில்லை. என் பக்கம் பேச வந்தவர்தான், ஆனால் உன்னைவிட அவர்மேல்தான் அன்றைக்கு எனக்கு எரிச்சல். கடவுளுக்கு அடியாள் வேண்டும் என்று நினைக்கிற ஆட்களோடு என்னைச் சேர்த்துவிட்டாயே.

நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன், பன்னிரண்டு நிமிடம், இரண்டு தடவை. நம்பாதவர்கள் கூடிப் பேசும் உங்கள் வட்டத்தில், நம்புகிற சொந்தக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்பது தலைப்பு. நீ என்னைக் கேலி செய்யவில்லை, தெரியும். கேலி செய்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நீ உருக்கமாகப் பேசினாய். "எங்கம்மா ரொம்ப நல்லவங்க. ஆஸ்பத்திரியில ஆபரேஷன் கருவியெல்லாம் சுத்தம் பண்ணி ட்ரேல பேக் பண்ற வேலை. ஒவ்வொரு ட்ரேக்கும் கண்ண மூடிக் கும்பிடுவாங்க. அப்பா விட்டுட்டுப் போனதுக்கு அப்புறம் அவங்களுக்கும் ஏதோ ஒரு பிடிமானம் வேணும்ல" என்றாய். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள், அதுவும் பதிவாகியிருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து எங்கள் பிரிவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண், அங்கிருந்து பார்த்ததை வைத்துக்கொண்டு என் உள்ளே என்ன நடந்தது என்று முந்நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தை என்னைக் கேட்டாயா?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ சொன்னது தலைகீழ். உன் அப்பா போவதற்கு முன்னால்தான் நான் தினமும் கும்பிட்டேன், அவர் போன பிறகு இரண்டு வருஷம் என்னால் முடியவே இல்லை. கண்ணை மூடினால் வாய்க்கு வசவுதான் வந்தது. அந்த இரண்டு வருஷம் நூலகத்திலிருந்து எடுத்துவந்து படித்ததெல்லாம் கடவுள் இல்லை என்று சொல்கிற புத்தகங்கள், நீ இப்போது மேடையில் சொல்கிற வாதங்களில் முக்கால்வாசி உனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே எனக்குத் தெரியும். போன விடுமுறையில் நீ கட்டிலுக்கு அடியில் விட்டுப்போன மூன்றையும் படித்துவிட்டேன், ஓரத்தில் நீ பென்சிலால் எழுதியதையும் சேர்த்து. பாதி வாதங்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. பதில் கிடைத்துத்தான் நான் திரும்பி வந்தேன் என்றும் இல்லை. பிடிமானம் என்கிறாயே, பிடிமானம் தேவைப்பட்ட காலத்தில் அது கையில் இல்லை, அதுதான் நடந்தது. நீ பரிதாபப்படுகிற அந்த அம்மாவை எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தது ஒரு சாதாரண நாள். குழந்தைகளுக்கான ட்ரே ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதில் எல்லாமே குட்டி, சதையை விலக்கிப் பிடிக்கிற கொக்கி என் சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். பட்டியலை வைத்து எண்ணினேன், இருபத்தாறு. மறுபடி எண்ணினேன், இருபத்தாறு. துணியை மடித்துச் சுற்றினேன். நாடா ஒட்ட வேண்டும், அவ்வளவுதான், அப்புறம் அது நீராவி இயந்திரத்துக்குப் போகும், ஜன்னல் வழியாக ஆபரேஷன் அறைக்குப் போகும், யார் வயிறு, யார் கை, பிழைத்ததா, எதுவும் இந்தப் பக்கம் திரும்பி வராது, கருவிதான் ரத்தத்தோடு திரும்பும். செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டேன், இனி என் கையில் ஒன்றும் இல்லை என்று தோன்றியது. கண் தானாக மூடிக்கொண்டது. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று இருந்தது. அவ்வளவுதான் மகளே, குரல் கேட்கவில்லை, வெளிச்சம் வரவில்லை. அதிலிருந்து பதினோரு வருஷமாக ஒவ்வொரு ட்ரேயிலும் எண்ணி முடித்த பிறகு, சுற்றிய பிறகு, நாடா ஒட்டுவதற்கு முன்னால் பத்து நொடி. எண்ணுவதற்குப் பதிலாக இல்லை. எண்ணுவது என் வேலை, அதைக் கடவுள் தலையில் கட்ட நான் சோம்பேறி இல்லை.

இந்த வித்தியாசம் தெரியாமல் நீ பேசியதால் என்ன ஆனது என்று கேள். எங்கள் பிரிவில் ரேடியோ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த ஒருத்தி இருக்கிறாளே, அவள் வீடியோவைப் பிரிவு முழுக்க அனுப்பினாள், இரண்டு நாளில் மேலே போய்விட்டது. கருவிகளைச் சரிபார்க்காமல் கும்பிட்டுவிட்டு அனுப்புகிறாளா என்று கேள்வி வந்தது. என்னைப் பொறுப்பாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பொறுப்பாளர் அம்மா, நிர்வாக அதிகாரி, பெரிய டாக்டர், மூன்று பேர். பதினோரு வருஷமாக யாரிடமும், உன்னிடம்கூட, வாய் திறக்காத விஷயத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று பேருக்குச் சொன்னேன். அதிகாரி பேனாவைத் திருகிக்கொண்டே, "எந்தச் சாமிம்மா?" என்றார். அதை எழுதத்தான் வேண்டுமா சார் என்று கேட்டேன், எழுதவில்லை. பெரிய டாக்டர்தான் உருப்படியாகக் கேட்டார். "ட்ரே திறந்திருக்கும்போதா, மூடின பிறகா?" மூடிய பிறகு என்றேன். "எனக்கு இதுல துளிகூட நம்பிக்கை கிடையாது. நீங்க வேண்டிக்கிறதுல நானும் உண்டா?" உண்டு என்றேன். "நான் கேட்டேனா?" என்றார். சிரிக்காமல்தான் கேட்டார். அந்தக் கேள்வியை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். ஆனால் பார், அந்த மனுஷர் நம்பாதவர், என்னிடமே கேட்டார். என் மனசுக்குள் என்ன என்று அவராக ஊகித்துச் சொல்லவில்லை.

மூன்று நாளில் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார்கள். உன்னிடம் வாய்தவறிச் சொன்னது என் முட்டாள்தனம். ஒரு மணி நேரத்தில் நீயே எழுதி அனுப்பிவிட்டாய். "மன அழுத்தத்தைக் குறைப்பதற்காக நான் மேற்கொள்ளும் சிறு மூச்சுப் பயிற்சி மட்டுமே அது." கீழே, "கையெழுத்துப் போட்டுக் குடுத்துடும்மா, பிரச்சனை முடிஞ்சிடும், இதுல யாருக்கும் ஆட்சேபணை இருக்காது" என்று. வீடியோவைக்கூட மன்னித்துவிடுவேன், இதை மன்னிக்க எனக்கு நாளாகும். பொய் சொல்லாதே என்று அடித்து வளர்த்தது நான். உண்மைக்காகத்தான் கடவுளை விட்டேன் என்று என்னிடம் தலை நிமிர்ந்து சொன்னவள் நீ, அன்றைக்கு எனக்கு வருத்தத்தோடு பெருமையும் இருந்தது. என் கடவுள் பொய் என்பதால் என்னைப் பொய் சொல்லச் சொல்லலாமா? உன் உண்மைக்கு ஒரு தராசு, என் உண்மைக்கு இன்னொன்றா?

நானே எழுதினேன். நான் வேண்டிக்கொள்கிறேன், எண்ணி முடித்த பிறகு, பத்து நொடி, என் பெயர் போட்டு அனுப்பிய ட்ரேக்களை எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று ஆறு வரி. இன்று காலை கொடுத்தேன். பொறுப்பாளர் அம்மா படித்துவிட்டு, "இதை இப்படியே மேல அனுப்பவா? மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு, கொஞ்சம் மாத்தி எழுதினா உனக்குத்தான் நல்லது" என்றார். அனுப்புங்கம்மா என்றேன். முடிவு வரும்வரை என்னைக் கழுவும் பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். சூடான தண்ணீர், ரப்பர் ஏப்ரன், காது கிழிகிற சத்தம். நாடா ஒட்டுகிற மேசைக்குத் திரும்ப விடுவார்களா தெரியாது. அந்த மேசை எனக்கு என்ன என்று இப்போது உனக்குத் தெரியும்.

வீடியோவை எடுக்கச் சொல்ல மாட்டேன், எடுத்தால் பயந்து எடுத்தது போல ஆகும். உன்னை நம்பச் சொல்லவும் மாட்டேன். ஒன்று மட்டும் செய். நீ அன்றைக்குப் பேசிய அதே அறையில், அதே ஆட்களுக்கு முன்னால் நின்று, என் அம்மா ஏன் கும்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தது போலப் பேசிவிட்டேன் என்று சொல். இந்தக் கடிதத்தில் இருப்பதைச் சொல்லாதே, இது உனக்கு மட்டும். தெரியாது என்கிற ஒரு வார்த்தை போதும். கூச்சமாக இருக்கும், இருக்கட்டும். நான் தினமும் கண்ணை மூடும்போது அந்த வார்த்தையைத்தான் முதலில் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடியின் பவர் மாற்ற வேண்டும் என்றாயே, தள்ளிப்போடாதே. நன்றாக இரு, நீண்ட நாள் இரு, கெட்டிக்காரியாக இரு. இதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, வெறும் ஆசை என்று எடுத்துக்கொண்டாலும் சரி, நான் எந்த அர்த்தத்தில் எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போன் செய். அதுவரை செய்யாதே.

கோபத்தோடும் அன்போடும்,
அம்மா