ராணி சித்திக்கு ஞானஸ்நானம்

1989 மார்ச் 4, சனி

காலை முழுதும் தூறல். வெம்பிளியிலிருந்து ஹரோவுக்கு பஸ். மாமா வீட்டில் ராணி சித்தியின் இரண்டாம் ஆண்டுத் திவசம். போன வருடம் எங்களைக் கூப்பிடவில்லை. நானும் அம்மாவும் மோர்மன் சபையில் சேர்ந்ததிலிருந்து மாமா எங்கள் வீட்டுப் படி மிதித்ததில்லை. நாலு வருடம்.

ராணி சித்தி அம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ரீச்சர். ஷெல் விழுந்து போனவர். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு ஏழு வயது. நினைவில் இருப்பவை: நீலக் குடை, சோக்குக்கட்டி மணம், என் தலைப்பின்னலைப் பிடித்து இழுப்பது.

படையல் முடிந்ததும் அம்மா மாமாவைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கேட்டார். வாற சனி சபையார் கோச் பஸ்ஸில் சரே மாவட்டத்தில் இருக்கும் ஆலயத்துக்குப் போகிறோம். அங்கே ராணி சித்தியின் பெயரில் நான் ஞானஸ்நானம் எடுப்பதாக ஏற்பாடு. (இறந்தவருக்காக, உயிரோடு இருப்பவர் தண்ணீரில் மூழ்கி எழுவது. பெண்ணுக்குப் பெண்தான். ஏற்பதும் விடுவதும் இறந்தவர் விருப்பம்.) மாமா ஏசப்போகிறார் என்று வாசலில் நின்று காத்திருந்தேன்.

மாமா கேத்திலில் தண்ணீர் பிடித்தார். பிறகு, "செய். அவளுக்கு எந்தப் பக்கத்தாலயாவது நல்லது வரட்டும்."

சொல்லிவிட்டுத் தானே கேத்திலை வைத்தார். ரின்பால் விட்டு, சீனி அள்ளிப் போட்டு, அம்மாவின் கையில் கோப்பையைக் கொடுத்தார். "குடி தங்கச்சி."

அம்மா குடித்தார். முழுக் கோப்பையும். எங்கள் சபையில் தேநீர் கூடாது, கோப்பி கூடாது. நாலு வருடமாக அம்மா தொட்டதில்லை. காய்ச்சலுக்குக்கூட.

மாமி எனக்கும் நீட்டினார். "எனக்கு வேண்டாம் மாமி. எங்கட சபையில ஏலாது." சத்தமாகவே சொன்னேன், அம்மாவுக்குக் கேட்கும்படி.

"ஐயோ, பிள்ளை பெரிய சுவாமியார்" என்றார் மாமி. எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அம்மாவும் இல்லை.

ஆலயத்துக்குள் போகப் பிஷப் கையெழுத்திட்ட அனுமதித்தாள் வேண்டும். அதற்கு முன் நேர்காணல். தேநீர் குடிப்பதுண்டா என்பது அதில் ஒரு கேள்வி. அம்மா ஓம் என்றால் தாள் இல்லை. இல்லை என்றால் பொய். ஒரு கோப்பைக்காக ராணி சித்தியை விட்டுவிட்டார். அம்மா மேல் அவ்வளவு கோபம். பஸ்ஸில் தனி சீட்டில் இருந்தேன்.

மார்ச் 5, ஞாயிறு

உபவாச ஞாயிறு. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை சாப்பாடு இல்லை. வயிறு காய்ந்தால் எனக்குப் பக்தி கூடுகிறது, பொறுமை குறைகிறது.

வகுப்பு. ஆசிரியை சிஸ்டர் பி. ஒரு கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து, பேனாவிலிருந்து ஒரு துளி மை விட்டார். "இப்போது இதை யார் குடிப்பீர்கள்?" ஒருவரும் கை தூக்கவில்லை. "ஒரே ஒரு துளிதான், பெண்களே." நான் நினைத்தது மையை அல்ல.

வகுப்பு முடிந்து, கூட்டத்துக்குப் போகும் நடை ஓடையில் அம்மாவைப் பிடித்தேன்.

"நீங்கள் சனிக்கிழமை வர ஏலாது."

"ஏன் பிள்ளை?"

"நேற்றுக் குடிச்சனீங்கள்தானே. நீங்கள் இப்ப சுத்தமில்லை. ராணி சித்திக்குக் கிட்ட நிக்க உங்களுக்குத் தகுதியில்லை."

எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இதுதான் சொன்னது. இதே வார்த்தைகள்.

அம்மா என் கொலரை நேராக்கிவிட்டு உள்ளே போனார்.

உபவாச ஞாயிறுக் கூட்டத்தில் யாரும் எழுந்து தன் விசுவாசத்தைப் பற்றிப் பேசலாம். அம்மா ஒருநாளும் பேசியதில்லை, இங்கிலிஷுக்குப் பயம். இன்று எழுந்து மைக்குக்குப் போனார். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, நாலு வசனம்.

"என் தங்கை செத்துப்போனாள். நேற்று என் அண்ணா எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். நாலு வருடமாக அவர் என்னோடு பேசியதில்லை. நான் குடித்தேன், கடவுள் கோபிக்கவில்லை என்று நினைக்கிறேன்."

ஆமென் சொல்ல மறந்துவிட்டார். சபையும் மறந்துவிட்டது. எங்கோ ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது. பிறகு சிஸ்டர் டோரீன், ஜமைக்காக்காரர், பெரிய உடம்பு, முழங்கால் வருத்தத்தோடு நாலு வரிசை தாண்டி வந்து அம்மாவின் பக்கத்தில் இருந்தார். கூட்டம் முடியும்வரை அம்மாவின் கை அவர் மடியில்.

நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே சிஸ்டர் பி. என் தோளில் கை வைத்து, "பாவம் உன் அம்மா. நீ அவருக்கு எடுத்துக்காட்டாக இரு."

எடுத்துக்காட்டு. என் அம்மாவுக்கு. நான். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல் வந்தது, ஆனால் அவர் சொன்னது நான் ஓடையில் சொன்னதேதான்.

மார்ச் 6, திங்கள்

வெயில், ஆனால் குளிர். பௌதிகச் சோதனை, 17/20. நூலகப் புத்தகம் இரண்டு நாள் பிந்திவிட்டது.

அம்மா காலையில் தலை இழுத்துப் பின்னிவிட்டார், சாண்ட்விச் கட்டித் தந்தார். ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

மாலை அப்பா கூப்பிட்டார். அப்பா சைவம். பெற்றோல் ஸ்ரேசன் வேலை. "என்ர வீட்டில ரெண்டு சமயம், ஒரு குளியலறை" என்று ஊரெல்லாம் பகிடி விடுவார். இன்று பகிடி இல்லை.

"கொம்மாவுக்கு என்ன சொன்னனீ?"

சொன்னேன்.

"நாலு வருசத்துக்கு முந்திக் கொம்மா காய்ச்சலோட கிடக்க, சபையால ரெண்டு அமெரிக்கப் பிள்ளையள் கதவைத் தட்டிச்சினம். புத்தகம் விரிக்கேல்லை. கோப்பை எல்லாம் கழுவி வைச்சிட்டுப் போச்சினம். அதைப் பாத்துத்தான் நான் மறிக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமையில பாடிக்கொண்டு வீட்டுக்கு வாறா, அது போதும் எனக்கு. நீ அங்கயிருந்து பொலிஸ் ஸ்ரேசனைத் தூக்கிக்கொண்டு வாறியெண்டால் ரெண்டு பேரும் போகத் தேவையில்லை."

"அது பொலிஸ் இல்லை அப்பா."

"அப்ப நீ ஏன் விசாரிக்கிறாய்?"

மேலே போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். பிறகு திறந்து, மெதுவாகச் சாத்தினேன்.

மார்ச் 7, செவ்வாய்

மழை. அம்மா வேலை முடிந்து வரப் பிந்தியது. எங்கே போனார் என்று சொல்லவில்லை.

யார் யார் மேல் கோபம்:
சிஸ்டர் பி. மையை வீணாக்கியதற்கு. மனிதரைத் தண்ணீர் என்று நினைத்ததற்கு.
மாமி.
அப்பா. அவர் சொன்னது சரி என்பதால்.
நான். நான். நான்.
அம்மாவை எழுதக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. அதற்கும் கோபம்.

மார்ச் 8, புதன்

நேர்காணல், ஆறரை மணி. எங்கள் பிஷப்புக்குச் சம்பளம் இல்லை, அங்கியும் இல்லை. பஸ் ஓட்டுபவர். ஷிப்ட் முடிந்து யூனிபோமோடேயே வந்திருந்தார்.

கேள்விகளை வாசித்தார். தேநீர்? இல்லை. கோப்பி, மது? இல்லை. குடும்பத்தாரோடு நீ நடந்துகொள்வது சரியாக இருக்கிறதா?

"இல்லை. எனக்கு அனுமதித்தாள் தராதீர்கள்" என்றேன். ஓடையில் சொன்னதைச் சொன்னேன். நேராகப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் அம்மா நேற்று வந்தார்."

"தேநீருக்காகவா?"

"அதற்கு இரண்டு நிமிடம். முக்கால் மணி நேரம் உன்னைப் பற்றி. 'என் மகள் வந்து தன்னையே குற்றம் சொல்லுவாள், நிறையப் புத்தகம் படிக்கிற பிள்ளை, தயவுசெய்து அவளைத் தாளுக்குக் காத்திருக்க வைக்காதீர்கள்' என்றார்."

"அம்மாவுக்குத் தாள்?"

"நேற்றே கையெழுத்து வைத்துவிட்டேன்."

டிஷூப் பெட்டியை நீட்டினார். வெறும் பெட்டி. வெட்கப்பட்டுப்போய்க் குசினியிலிருந்து கை துடைக்கும் துணி கொண்டுவந்தார். அதில் மூக்குச் சிந்தினேன். கையெழுத்து வைத்தார்.

நான் மன்னிப்புக் கேட்கும் முன்பே அம்மா மன்னித்து முடித்துவிட்டார், அதுவும் மழையில் இரண்டு பஸ் மாறிப் போய். எனக்குச் சொல்லாமல். என்ன நியாயம் இது? மன்னிப்புக் கேட்பதற்கு வசனம் எல்லாம் எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

வீட்டில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே."

"நான் அப்பிடிச் சொன்னதுக்கு உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?"

"வந்தது. நல்லா வந்தது. இன்னும் கொஞ்சம் கிடக்கு."

"கோவத்தோட ஆலயத்துக்குப் போகலாமோ?"

"கூடாதெண்டு எங்க எழுதியிருக்கு? நீதானே வாசிக்கிறனி. அந்தக் கத்தியை இஞ்ச எடு."

உரித்தேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பாடமாக்கிய வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. "பிழை விட்டிட்டன் அம்மா" என்றது மட்டும்தான்.

"ஓம்" என்றார் அம்மா.

மார்ச் 11, சனி

விடிய ஐந்தரைக்கு எழும்பினோம். பனிப்புகார். கோச் பிந்தியது.

முன் சீட்டில் சிஸ்டர் பி. திரும்பி மின்ற் இனிப்பு நீட்டினார். வேண்டாம், நன்றி. ஈஸ்டர் வரையாவது இவர் மேல் கோபமாக இருப்பதாகத் தீர்மானம். அம்மா இரண்டு எடுத்து ஒன்றை என் வாய்க்குள் திணித்தார்.

ஆலயத்தில் எல்லாம் வெள்ளை. வெள்ளை உடுப்பில் நடக்கத் தெரியாமல் நடந்தேன். தண்ணீர் இளஞ்சூடு, இடுப்பளவு. வெள்ளை உடுத்த ஒரு முதியவர் என் கையைப் பிடித்து, சித்தியின் முழுப்பெயரையும் நிதானமாகச் சொன்னார், இராசராணி கந்தையா என்று. லண்டனில் ஒருவர் அந்தப் பெயரை உரத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. ஷெல் அடித்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்த வாரம் முழுதும் எங்கே போயிருந்தது என்று நினைத்தேன். அதற்குள் தண்ணீர் தலைக்கு மேலே.

எழுந்தேன். படியில் அம்மா துவாயை விரித்தபடி. என்னைச் சுற்றி இறுக்கிக்கொண்டார். ஈரத் தலையைக் கையால் வழித்துவிட்டார். அவர் பார்த்தது என்னை இல்லை.

"குளிருதோ, ராணி?"

"இல்லை, அக்கா" என்றேன்.