கதவுக் கணினியின் கடிகாரம்

பதிவு 1
செவ்வாய், காலை 7.10, நிலைய நேரம்

எழுதுபவர் வடிவாம்பிகை, கணினிப் பராமரிப்பு, நிலவின் தென்துருவ ஆய்வு நிலையம். இப்போது இங்கே இரண்டே பேர். நான் உள்ளே. மண் ஆய்வாளர் ரொசாரியோ அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்புவரை போயிருக்கிறார். மதியத்துக்குள் திரும்பிவிடுவார்.

இன்றைய வேலை, கணினிகளின் ஃபர்ம்வேர் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்புப் பக்கத்தைத் திறந்து சரிபார்ப்பது. எனக்குப் பின்னால் வருகிறவருக்காக வழியை எழுதி வைக்கிறேன். இங்கே யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. பவர் பட்டனை அழுத்தியதும், கம்பெனிச் சின்னம் மறைவதற்குள் உரிய விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெஸ்க்டாப் இரண்டுக்கும் டெலீட். கதவை இயக்கும் லேப்டாப்புக்கு எஃப்2. சின்னம் மறைந்துவிட்டால் போச்சு, அணைத்துவிட்டு முதலிலிருந்து. தட்டுவதற்கு நேரமே தராத கணினி என்றால், அது முழுதாகக் கிளம்பியபின் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். நீல மெனு வரும். அதற்குள் ஃபர்ம்வேர் அமைப்புகள் என்ற வரி இருக்கும்.

டெஸ்க்டாப் கீபோர்டைப் பற்றியும் எழுதியாக வேண்டும். சீ! போன குழு ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் விசைகளின் இடுக்கில் இறுகிக் கிடக்கிறது. அதன் மேல் முறுக்குத் தூள். அதற்கும் மேல் எவருடைய தலையெண்ணெயோ. பூஜை போட்டதைக் குறை சொல்லவில்லை, போட்டவர்கள் துடைத்திருக்கலாம். டெலீட் விசை அமுங்கினால் எழ மறுக்கிறது. ஊக்கால் நோண்டி எடுத்தேன்.

டெஸ்க்டாப் இரண்டும் சரி. லேப்டாப் மட்டும் அமைப்புப் பக்கத்துக்குக் கடவுச்சொல் கேட்கிறது. கையேட்டில் கடவுச்சொல் எதுவும் வைக்கப்படவில்லை என்று போட்டிருக்கிறது. பூமியில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறேன்.

பதிவு 2
செவ்வாய், காலை 9.45, நிலைய நேரம்

ரொசாரியோ அண்ணன் வந்துவிட்டார். கதவு திறக்கவில்லை.

அவருடைய செய்தி: "ஏ வடிவு, வண்டி வழியில நின்னு போச்சு பாத்துக்க. அணைச்சுப் போட்டுத்தான் கிளப்பினேன். அதுல காத்து பாதி தீந்துட்டு. இப்ப கதவு என்னன்னா எண் தப்புங்குது. எண்ணை நானா போட்டேன்? வண்டிதான போடுது!"

நடந்தது இதுதான். வண்டியின் கணினியும் கதவின் கணினியும் அந்தந்த நிமிடத்துக்கு உரிய எண்ணைத் தனித்தனியே கணக்கிடும். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். பொருந்த வேண்டுமென்றால் இரண்டு கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். போன வாரம் மையம் வண்டிக்குப் புதிய மென்பொருள் அனுப்பியது. அதன்படி வண்டி இனிமேல் நிலைய நேரத்தை எடுக்காது, நேராகப் பூமியின் நேரத்தை எடுத்துக்கொள்ளும். நின்று போய்க் கிளப்பியபோது அது அமலுக்கு வந்துவிட்டது. கதவு லேப்டாப்பில் ஓடும் நிலையக் கடிகாரமோ பூமியைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நிலைய நேரம் என்று ஒன்று தனியாக உண்டு, அப்படித்தான் அமைத்திருக்கிறோம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நாங்களும் தலையாட்டினோம்.

கைப்பிடி இருக்கிறது. கணினி கொக்கியை விடுவிக்காமல் அது சுழலாது. லேப்டாப்பின் கடிகாரத்தைத் திருத்தினால் போதும், ஒரு நிமிட வேலை. திரையின் மூலையில் உள்ள நேரத்தைத் தொட்டால் அனுமதி இல்லை என்கிறது. அமைப்புப் பக்கத்தில்தான் மாற்ற முடியும். அங்கே கடவுச்சொல்.

டெஸ்க்டாப்பாக இருந்தால் மூடியைக் கழற்றி, வட்ட பேட்டரியைப் பிடுங்கி, ஐந்து நிமிடத்தில் கடவுச்சொல்லை ஒழித்துவிடுவேன். இந்த லேப்டாப்பில் கடவுச்சொல் தனிச் சில்லில் இருக்கிறது, பேட்டரியைப் பிடுங்கினாலும் போகாது. கதவுக்கு டெஸ்க்டாப்தான் வாங்கியிருக்க வேண்டும். திறப்பு விழாவில் படம் காட்டக் கொண்டுவந்த லேப்டாப் மிச்சமிருந்ததாம், அதையே சுவரில் திருகிவிட்டார்கள்.

பதிவு 3
காலை 11.30, பூமி நேரம். இனி இதைத்தான் எழுதுவேன்

மையத்தின் தலைவர் தியாகேசனே இணைப்பில் வந்தார். திறப்பு விழாவின்போது இங்கே நிலையத் தலைவராக இருந்தவர் அவர்தான்.

"கடவுச்சொல்லா? நாங்க எதுவும் வைக்கலியேம்மா. நீ வேற ஏதாவது கீயைத் தட்டியிருப்ப. நிதானமா மறுபடி பாரு."

பார்த்தேன். பூட்டுப் படம் போட்ட பெட்டி, கீழே மூன்று முறை மட்டுமே முயலலாம் என்ற வரி. அதை அப்படியே வாசித்துக் காட்டினேன்.

"சரி சரி. இந்த லைன் ரெக்கார்டு ஆவுது. அதப் பத்தி இதுல பேச வேண்டாம். மேல கேட்டுட்டு வரேன்."

மேலே யாரைக் கேட்கப் போகிறார்? வண்டிக்கு மட்டும் பழைய நேரத்தை அனுப்புங்கள், கதவு திறந்துவிடும் என்று கெஞ்சினேன். அப்படி அனுப்பினால் ஏன் அனுப்பினோம் என்று எழுத வேண்டியிருக்குமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹெட்போனைக் கழற்றி மேசையில் அடித்தேன்.

பதிவு 4
காலை 11.50

ரொசாரியோ அண்ணன்: "இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். ஒண்ணும் பயப்படாத. நீ தட்டிட்டே இரு."

என் ஊகம் இரண்டு. நிலையத்தின் பெயர், திறப்பு விழாத் தேதி. இரண்டும் தவறு. இன்னொன்றுதான் மிச்சம். அதையும் தவறவிட்டால் கணினி உறைந்துவிடும், திரும்ப அணைத்துக் கிளப்ப வேண்டும். எஃப்2 தட்ட வேண்டிய இடத்தில் எஃப்3 தட்டுகிறேன்.

அவர் கதவைத் தட்டுகிறார். வெளியே காற்றில்லை, ஆனால் தட்டுவது இரும்பு வழியே கேட்கிறது. வேண்டாம் அண்ணே, மூச்சு வீணாகும் என்றேன்.

"நீ அங்க இருக்கியாங்கிறதுக்குத்தான் தட்டுதேன்."

பதிவு 5
பகல் 12.25

தட்டல் நின்றது. கூப்பிட்டேன். பதில் இல்லை. வண்டியிலிருந்து அவர் உடைக்குப் போகும் காற்றின் மானி பூஜ்ஜியம்.

இதையும் மையத்துக்குச் சொன்னேன். சொல்லி முடித்த மறு நிமிடம் தியாகேசன் வந்தார்.

"அய்யய்யோ. சரி, கடவுச்சொல் சொல்றேன், எழுதிக்க. சுபம், எல்லாம் சின்ன எழுத்து, பின்னாடி நூத்தியெட்டு."

அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஒரு மனிதர் கதவுக்கு வெளியே மூச்சை எண்ணிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் அது அவர் நாக்கு நுனியில் இருந்திருக்கிறது. த்தூ.

பதிவு 6
பகல் 1.40

எஃப்2. சுபம், நூற்றெட்டு. உள்ளே போனேன். நேரத்தைத் திருத்தினேன், எஃப்10 அழுத்திச் சேமித்தேன், கணினி மறுபடி கிளம்பியது, கதவு திறந்தது. எல்லாமாக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவரை உள்ளே இழுத்துக் கிடத்தியிருக்கிறேன். அவர் கண்ணை மூடிவிட்டேன். கையுறையைக் கழற்றினேன், விரல் கணுக்கள் எல்லாம் சிவந்திருந்தன. அழுதேன்.

பிறகு மறுபடி அமைப்புப் பக்கத்துக்குப் போனேன். அதில் நிகழ்வுப் பதிவு என்று ஒரு பகுதி உண்டு. யார், எப்போது, எந்த அமைப்பை மாற்றினார்கள் என்று கணினி தானாகவே குறித்துக்கொள்ளும் இடம். அங்கே திறப்பு விழா நாளன்று மூன்று வரி. திங்கட்கிழமை காலை 8.20, நேரம் 6.50 ஆக மாற்றப்பட்டது. மாற்றிய நேரப்படி 6.51, கடவுச்சொல் வைக்கப்பட்டது. மூன்றாவது வரி, மாற்றியவர்: நிலையத் தலைவர்.

திங்கள் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். விழா விருந்தினர் தாமதமாக வந்திருக்கிறார், நிலையத்தை இயக்கிவைக்கும் பொத்தானை அமுக்கும்போது ராகு காலம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அழைப்பிதழில் போட்ட நல்ல நேரத்துக்குள் நிலையம் இயங்கியதாகப் பதிவாக வேண்டும். கடிகாரத்தைப் பிடித்து ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார். மற்றவர் பார்த்துவிடக் கூடாதென்று பூட்டும் போட்டார். அந்தப் பொய்க்கு வைத்த பெயர்தான் நிலைய நேரம்.

நல்ல நேரம் பார்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, என் வீட்டிலும் பார்ப்போம். நேரம் தவறினால் அடுத்த நல்ல நேரம்வரை காத்திருப்போம். இந்த ஆளுக்கு அதற்குக்கூடப் பொறுமை இல்லை.

பதிவு 7
புதன், காலை 10.00

தியாகேசன் இன்று குழைந்து குழைந்து பேசினார்.

"வடிவு, உன்ன சீக்கிரம் ஊருக்குக் கூட்டிட்டு வந்துடணும்னு எல்லாரும் துடிக்கிறோம்மா. ஒண்ணே ஒண்ணு. அந்த நிகழ்வுப் பதிவு இருக்குல்ல, அதுக்குக் கீழேயே அழிக்கறதுக்கு ஆப்ஷன் இருக்கும். அழிச்சுட்டு, வெறும் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. படம் வந்ததும் கலம் கிளம்பிடும்."

அறிக்கையில் எப்படி வரும் என்று கேட்டேன்.

"ரொசாரியோ வண்டிய நடுவழில அணைச்சாருல்ல, அது விதிமீறல்தானே? போன மனுஷனுக்கு இதனால என்னாயிடப் போகுது?"

இணைப்பைத் துண்டித்தேன்.

பதிவு 8
புதன், மாலை 6.15

காற்று இன்னும் பன்னிரண்டு நாளுக்கு வரும். கலம் இங்கே வர ஐந்து நாள் ஆகும். கணக்கு அவருக்கும் தெரியும்.

அமைப்புப் பக்கம் திறந்தே இருக்கிறது. நிகழ்வுப் பதிவை அழிக்கவா? ஆம், இல்லை. அம்புக்குறி விசையை அழுத்தினால் வெளிச்சம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. அரை மணி நேரமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். செத்துப்போவதற்கு எனக்குப் பயமாக இருக்கிறது. ஊருக்குப் போக வேண்டும். அண்ணனின் மனைவி செல்வமேரி வந்து அவர் என்ன தப்பு செய்தார் என்று கேட்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இல்லை. அதைத்தான் அழுத்திவிட்டேன்.

மூன்று வரியும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து மையத்துக்கு அனுப்பியிருக்கிறேன். புதிய கடவுச்சொல் வைத்துவிட்டேன், அதை எங்கும் எழுதவில்லை.

பதிவு 9
வியாழன், காலை 9.05

மையத்திலிருந்து: "படம் தெளிவா இல்லம்மா. மறுபடி எடுத்து அனுப்பு. கலம் ரெடியாத்தான் இருக்கு."

அதே படத்தை அனுப்பினேன்.

பதிவு 10
திங்கள், காலை

"இன்னும் தெளிவா வரல. உன் நல்லதுக்குத்தான் சொல்றோம். கொஞ்சம் யோசி."

அதே படம்.

பதிவு 11
ஞாயிறா திங்களா

தலை வலிக்கிறது. விசைகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. இன்று கலம் கிளம்பினாலும் எனக்கு உதவாது.

"வடிவு? லைன்ல இருக்கியா? படம் இன்னும் வரலையே."

அனுப்பிவிட்டேன். அதே