பூனை போய் முயல் வந்த வீடு

பிப்ரவரி 4

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

பூனை உனக்கு ஆகாது என்றாயே, இனி நீ என்னோடு வந்து இருக்கத் தடையில்லை. இன்ஸ்பெக்டரை ரொட்டிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் நோட்டு நோட்டாகப் புரட்டுவாரே, அப்படி ஒவ்வொரு பாத்திரமாக முகர்ந்து பார்க்கிற பூனைக்கு வேறென்ன பெயர் வைப்பது? கூடையில் வைத்தபோது ஒரு சத்தம் போடவில்லை. அதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

மெத்தை உறை, திரைச்சீலை எல்லாம் துவைத்தாயிற்று. ஜன்னல் ஓரம் உன் தையல் மெஷினுக்கு இடம் விட்டிருக்கிறேன். நீயும் தனி, நானும் தனி. இரண்டு அடுப்பு எதற்கு?

வெறும் மடியோடு உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் ஒரு முயல் வாங்கியிருக்கிறேன். புல் தின்கிற சாது. பூனைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டே உனக்கு ஒரு சால்வை பின்னினேன். தனிப் பார்சலில் வருகிறது.

உன் அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்கா,

சால்வை வந்தது. நிறம் அழகு. ஓரம் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது, தையல்காரி கண்ணுக்கு அது தப்புமா? போர்த்திக்கொண்ட கொஞ்ச நேரத்தில் தும்மல், கண் அரிப்பு. சாயங்காலத்துக்குள் மூச்சில் விசில்.

டாக்டரிடம் போனேன். பூனை இல்லையே, முயல்தானே என்று கேட்டேன். ரோமமுள்ள பிராணிகளின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கிற சில புரதங்கள் ஒன்றுக்கொன்று சாயலாக இருக்குமாம். எல்லோருக்கும் அதனால் தொல்லை வருவதில்லையாம். எனக்குப் பரிசோதித்ததில் முயலும் ஆகாது என்று வந்துவிட்டது.

உன் பாணியிலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். உன் வகுப்பில் ஒரே ஜாடையில் இரண்டு பையன்கள், சொந்தம்கூட இல்லை. கண்ணாடியை உடைத்தது ஒருவன், பெஞ்சில் ஏறி நின்றது இன்னொருவன். என் உடம்பும் உன்னை மாதிரி வாத்தியார்தான் அக்கா. சாயலைப் பார்த்தே பிரம்பைத் தூக்கிவிடுகிறது.

கோபப்படாதே.

உன் சின்னு

பிப்ரவரி 24

அன்புள்ள சின்னுவுக்கு,

உதாரணம் சரி. முழு மதிப்பெண்.

முயலைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நேற்றே கொடுத்துவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். போன வருஷம் பூனை ஆகாது என்றாய். இப்போது முயல் ஆகாது என்கிறாய். மூன்றாவதாக அக்காவே ஆகாது என்று வந்துவிடுமோ? வர மனமில்லையென்றால் நேராகச் சொல்லிவிடு. மெஷினுக்கு விட்ட இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் பெருக்கினால் வீட்டில் ஒரு ரோமம் வருவதில்லை. வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அப்புறம் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை உன் தெருவுக்கு வந்தேன். கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் நீ அழுதிருப்பாய். நான் "சரிக்கா" என்று சொல்லிவிட்டு, வீட்டில் இன்னும் ஒட்டியிருக்கிற பூனைப் பொடுகுக்கு மாத்திரையை விழுங்கிக்கொண்டு அங்கேயே தங்கியிருப்பேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த நாற்காலியில் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை.

உன் வீட்டுக்கு எதிரே மருந்துக் கடை மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. பேசி முடித்துவிட்டேன். ஒன்றாம் தேதி மெஷினோடு வருகிறேன். ரொட்டிக் கடைக்கும் போனேன். இன்ஸ்பெக்டர் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து உத்தியோகம் பார்க்கிறார். தெருவில் நின்றே விசாரித்தேன், கடைக்காரர் திருப்பித் தருவதாகச் சொன்னார். போய்க் கூட்டிக்கொண்டு வா.

சாப்பாடு தினமும் என் அறையில், ஒரே அடுப்பில். ஒரு கண்டிஷன் மட்டும் உண்டு. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு தடுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு ஆணி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். உனக்கென்று தைத்த நைட்டி அதில் தொங்கும். பூனை ரோமம் ஒட்டிய புடவையை அங்கேயே மாற்றிக்கொண்டு, கை கழுவிவிட்டு உள்ளே வா. அளவு கேட்டு எழுதவில்லை. உன் தோள் எனக்குத் தெரியாதா?

சால்வையை நன்றாக அலசி, திரும்பத் திரும்ப அலசிக் காயவைத்தேன். அதைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இதுவரை தும்மவில்லை.

உன் சின்னு