ஏழு கட்டம் வைத்த டப்பா

அம்மாவுக்கு உன் மகள் வணங்கி எழுதுவது.

உன் முழங்கால் வலி தேவலையா? போன வாரம் போனில், "யாரும்மா நீ, போனை எம் பொண்ணுகிட்ட குடு" என்றாயே, பேசியது நான்தான். குரல் தடித்துப்போய்விட்டது. என் கையெழுத்தாவது உனக்குத் தெரியுமே என்றுதான் எழுதுகிறேன்.

துள்ளிக்கொண்டிருந்த தைராய்டு, கொடுத்த மருந்தில் ஒரேயடியாக அடங்கிவிட்டது. இனி ஆயுள் முழுக்கக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. கிழமைக்கு ஒன்றாக ஏழு கட்டம் வைத்த டப்பா வாங்கினேன். கைநடுக்கம் சுத்தமாக நின்றுவிட்டது. தையல் மெஷினில் காலர் நேராக ஓடுகிறது.

ஒரு வேடிக்கை கேள். வியாழக்கிழமை எழுந்து பார்த்தால் அன்றைய கட்டம் காலி. அறையில் நான் ஒருத்திதான்; கதவும் உள்ளே தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

டாக்டரம்மா சிரித்தார். "நீங்களே போட்டுட்டு மறந்திருப்பீங்க. மாத்திரை அளவு சரியாகுற வரைக்கும் மறதி இருக்கும். போட்டதும் ஒரு தாள்ல எழுதி வைங்க."

சுவரில் தாள் ஒட்டினேன். இன்று காலை கண் விழித்தபோதே அதில் "போட்டாச்சு" என்று எழுதியிருந்தது. நோய் முற்றியிருந்தபோது நான் எழுதுவேனே, அதே நடுங்குகிற எழுத்து.

கவலைப்படாதே. வெயிலிலும் குளிர்கிறது, கனமான போர்வை ஒன்று அனுப்பு. கூடவே என் பழைய கடிதம் ஒன்றையும் வை, ஒத்துப்பார்க்க வேண்டும்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. போனில் என் பழைய குரல் கேட்டால் உடனே நம்பிவிடாதே.

உன் மகள்